ஆந்தையக்காவின் மோதிர விரல்

என்ஜின் உறுமத் தொடங்கியதும், பயணிகளைப் பார்ப்பதற்காக மேலே மாட்டியிருக்கும் கண்ணாடியை அவர் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொள்கிறார். பிரேக்குக்கு வேண்டிய காற்று ஏறி, முன்னால் இருக்கும் முள் பச்சைக் கோட்டைத் தொடும்வரை பஸ்ஸை நகர்த்த முடியாது. அவருக்கு அந்த இடைவெளி போதும். சட்டைப் பையிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குழாய் வெளியே வரும். கண்ணுக்குக் கீழே, மூக்கோரமாகப் பள்ளம் விழுந்த இடத்தில், பொட்டுப் பொட்டாக ஆரஞ்சு நிறம். மோதிர விரலால் அதை ஒற்றி ஒற்றிக் கரைப்பார். பிறகு இன்னொரு குழாய், தோலின் நிறத்தில். அதையும் ஒற்றுவார். முகவாயைத் தூக்கி இடமும் வலமும் பார்ப்பார். முள் கோட்டைத் தொட்டதும் கண்ணாடியைப் பயணிகள் பக்கம் திருப்பிவிட்டு, "வாம்மா, கிளம்பலாம்" என்பார். பஸ்ஸிடம்தான் சொல்கிறார்.

நான் தினமும் அலுவலகம் போகும் நகரப் பேருந்தின் ஓட்டுநர் அவர். நாற்பதைத் தாண்டியவர். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து உரமேறிய முன்னங்கைகள். நீலச் சட்டையின் கைகளை முழங்கைக்கு மேல் நான்கு மடிப்பாகச் சுருட்டி வைத்திருப்பார். டிப்போவில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஆந்தை. வயதில் சின்னவர்கள் அதோடு ஓர் அக்காவைச் சேர்த்துக்கொள்வார்கள். கேட்பவருக்குச் சுருக்கென்று இருக்கும், அவருக்கு இல்லை. போனை எடுத்தால், "ஆந்தை பேசறேன், சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்.

பெயருக்குக் காரணம் கருவளையம். இரண்டு கண்களையும் சுற்றி, யாரோ மை தொட்ட கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டதுபோல இருக்கும். நாள் கணக்கில் கண் மூடாதவர் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மை நேர்மாறு. தூங்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவருடைய வீட்டுக்காரர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். பழுது தீர்ந்த சுவர்க் கடிகாரங்களைச் சோதிப்பதற்காக வீட்டுக் கூடத்தில்தான் மாட்டிவைப்பார். மணி அடிக்க வேண்டிய நேரத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாக, தங்களுக்குள் சண்டை போடுவதுபோல அடித்து ஓயும். அந்தக் கூடத்திலேயே பாய் விரித்து ஆந்தையக்கா தூங்குவார். "படுத்தேன்னா அவ்வளவுதான். இடி விழுந்தாக்கூட, மறுநாள் யாராச்சும் சொன்னாத்தான் எனக்குத் தெரியும்" என்பது அவரே தரும் வாக்குமூலம்.

கருவளையம் தகப்பனார் வழிச் சொத்து. அவர் ஓய்வுபெற்ற தபால்காரர், மகளோடுதான் இருக்கிறார். அதே கண், அதே வளையம். மகள் சிரித்துக்கொண்டே சொல்வார்: "எங்கப்பாவுக்குக் கல்யாணமாகுறதுக்கு முன்னாடியே பஸ்ஸுல எழுந்து இடம் குடுப்பாங்க. அவரும் வேணாம்னு ஒரு நாளும் சொன்னதில்லை."

இப்படிச் சிரிப்பும் தூக்கமுமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்தப் புகார் வந்தது.

யாரோ ஒரு பெண் டிப்போவுக்குப் போன் செய்து, காலை வண்டியை ஓட்டுகிற அம்மாவைப் பார்த்தால் தூங்கியே பல நாள் ஆனவர்போல இருக்கிறது, ஏறவே பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பெயரைச் சொல்லவில்லை. டிப்போ மேனேஜர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதே வாரத்தில் இன்னொருவரும் அதையே சொல்ல, ஆந்தையக்காவைக் கூப்பிட்டு, சில நாள் வண்டியைத் தொடாமல் வீட்டில் நன்றாகத் தூங்கிவிட்டு வரச் சொன்னார். ஏற்கெனவே நன்றாகத் தூங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. கூடுதலாகத் தூங்கிப் பார்த்தார். முகம் வீங்கியதுதான் மிச்சம். கண்ணுக்குக் கீழே இருட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்து டாக்டர். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், கவலை ஏதாவது உண்டா என்று கேட்டார். "ஊரே என்னைப் பார்த்துக் கவலைப்படுது, அந்தக் கவலைதான்" என்று இவர் சொல்லியிருக்கிறார். டாக்டர் அடுத்த கேள்வியைத் தேடும்போது, துணைக்கு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த தகப்பனாரைத் தற்செயலாக ஏறிட்டுப் பார்த்திருக்கிறார். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாராம். உடம்பில் ஒரு குறையும் இல்லை, இது பரம்பரை, வண்டி ஓட்டத் தடையில்லை என்று எழுதிக் கொடுத்தனுப்பினார்.

மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள். டாக்டர் எழுதியதைப் பஸ்ஸின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு போக முடியாது, இன்னொரு புகார் வந்தால் உங்களை டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை என்று சங்கடத்தோடு சொல்லிவிட்டார்.

அன்றுதான் அவர் முகம் வாடிப் பார்த்தேன் என்று கண்டக்டர் என்னிடம் சொன்னார். பல வருடமாக அதே வண்டியில் அவருடன் போகிறவர் இந்தக் கண்டக்டர்; வாயைத் திறந்தால் கிண்டல். ஆனால் அதைச் சொல்லும்போது கிண்டல் இல்லை. ஆந்தையக்கா வேலைக்குச் சேர்ந்ததே அந்த டிக்கெட் கவுன்ட்டரில்தான். கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வெளியே போகிற ஒவ்வொரு பஸ்ஸின் சத்தத்தையும் கேட்டு எந்த வண்டி, எந்த கியர் என்று சொல்வாராம். ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பித்து, பொம்பளைக்கு எதுக்கு இது என்று பலர் சொல்லக் கேட்டு, ஓட்டிக் காட்டி, தேறி, அந்த இருக்கையில் வந்து உட்கார்ந்தவர். திரும்பக் கம்பிக்குப் பின்னால் போவதென்றால்?

வழி சொன்னது கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள். கண்ணுக்குக் கீழே பூசிக்கொள்ள கன்சீலர் என்று ஒன்று உண்டு, கருப்பை மறைத்துவிடும் என்று தன்னுடைய குழாயையே எடுத்துக் கொடுத்தாள். அதுவரை பவுடரைத் தவிர வேறெதுவும் அம்மாவின் முகத்தில் ஏறியதில்லை. மகள் அப்பா நிறம், வெளுப்பு. அம்மா நல்ல கறுப்பு. இந்தக் கணக்கு இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. மறுநாள் காலை டிப்போவில் கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு வெயில்ல தூங்கிட்டீங்களா?" என்று கேட்டார். கருப்பு வளையம் இருந்த இடத்தில் வெள்ளை வளையம். ஆந்தை அப்படியேதான் இருந்தது, நெகட்டிவில்.

அடுத்த முறை கடைக்கே போனார். கடையில் கண் கூசும் விளக்கு வெளிச்சம். விற்கும் பெண் அவருடைய புறங்கையில் கோடு போட்டுக் காட்டி, இது உங்களுக்கு அச்சாகப் பொருந்துகிறது என்றாள். புறங்கைக்குப் பொருந்தியது உண்மைதான். ஆனால் வெயிலிலும் ஜன்னல் காற்றிலும் கிடந்த கைக்கும் கன்னத்துக்கும் என்ன சம்பந்தம்? பூசிக்கொண்டு வெயிலில் வந்து நின்றால் கண்ணுக்குக் கீழே சாம்பல் அப்பியதுபோல இருந்தது. போதாக்குறைக்கு, தெரியக் கூடாதென்று இன்னும் இரண்டு பூச்சுப் பூசினார். மத்தியான வெயிலில் அது காய்ந்து, வெடித்து, கோடு கோடாகப் பிளந்தது. "கண்ணுக்குக் கீழ வயல் வறண்ட மாதிரி இருக்கு" என்று அவரே கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, கைக்குட்டையை நனைத்துத் துடைத்துக்கொண்டாராம்.

அப்போதுதான் மேக்கப்காரம்மா குறுக்கிட்டார். மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்யப் போகிறவர். பெரிய பெட்டி ஒன்றை முன் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு எங்களோடு தினமும் பயணம் செய்வார். இந்தக் கூத்தையெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவருக்கு ஒரு கட்டத்தில் பொறுக்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு, ஆந்தையக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து பஸ்ஸின் படியில், வெயிலுக்கு நேராக, உட்கார வைத்தார். நான் அங்கேயே நின்றேன். அலுவலகம் எங்கே ஓடிவிடப் போகிறது?

கருப்பை வெள்ளையால் மறைக்க முடியாது என்பதுதான் அவர் முதலில் சொன்னது. அந்த இருட்டில் நீலமும் பழுப்பும் கலந்திருக்கிறது. நேராகத் தோல் நிறத்தைப் பூசினால் இரண்டும் கலந்து சாம்பலாகத்தான் தெரியும். முதலில் ஆரஞ்சைப் பூசி அந்த நீலத்தை அடக்க வேண்டும், அதற்கு மேலேதான் தோல் நிறம். ஆந்தையக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அட, இது நம்ம பெயின்ட் ஷாப் வேலை. துருப்பிடிச்ச தகரத்து மேல நேரா பெயின்ட் அடிச்சா நிக்குமா? முதல்ல பிரைமர். அதானே?"

"அதேதான். பிரைமர் இல்லாம நீங்க பாட்டுக்குக் கோட்டிங் மேல கோட்டிங் குடுத்துட்டீங்க."

அதற்குப் பிறகு பாடம் தடையில்லாமல் ஓடியது. மேக்கப்காரம்மா மூன்று நிறங்களைக் கண்ணுக்குக் கீழிருந்து கன்னம் வரைக்கும் மூன்று கோடுகளாக இழுத்தார். எது தெரியாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது என்றார். தீர்ப்புச் சொல்லக் கண்டக்டரைக் கூப்பிட்டோம். அவர் டிக்கெட் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, குனிந்து, சில்லறை நல்லதா கெட்டதா என்று பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ரெண்டு கோடுதானே போட்டிருக்கீங்க?" என்றார். தெரியாமல் போன நடுக்கோடு தேர்வானது.

பூசுவதற்குத்தான் நாள் பிடித்தது. பஸ் ஓட்டும் கைக்கு மெதுவாகத் தொடத் தெரியவில்லை. ஆள்காட்டி விரலால் அவர் தேய்த்த தேய்ப்பில் பூசியது முழுக்க விரலோடு வந்துவிட்டது. மேக்கப்காரம்மா அந்த விரலை மடக்கி, மோதிர விரலை நீட்டிவிட்டார். கையிலேயே வலுவில்லாத விரல் அதுதான், எவ்வளவு அழுத்தினாலும் கண்ணுக்கு நோகாது என்றார். முதலில் கொஞ்சம் கிரீம், அது தோலில் இறங்க நேரம் கொடுக்க வேண்டும். ஆரஞ்சு பள்ளத்தில் மட்டும். உப்பிய இடத்தில் பட்டால் உப்பல் இன்னும் எடுப்பாகத் தெரியும். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். கடைசியில் மேலே பார்த்தபடி, மடிப்பு விழும் இடத்தில் துளி பவுடர். அந்த வாரம் முழுவதும் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவர் ஸ்டியரிங்கின் மேல் மோதிர விரலால் ஒற்றிப் பழகிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஒரு காலை அது கைகூடியது. கண்ணாடியைத் திருப்பிவிட்டு எங்கள் பக்கம் பார்த்தார். தடிப்பில்லை, சாம்பலில்லை. நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். அதாவது, அவர் எப்போதும் என்னவாக இருந்தாரோ அதுவாக. வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் ஏறி, அவரைப் பார்த்து, கண்டக்டரிடம் தாழ்ந்த குரலில், முன்னால் இருந்த அம்மா மாற்றலாகிப் போய்விட்டார்களா, பாவம், தூங்காமலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்று விசாரித்தார். கண்டக்டர், ஆமாம், அந்த அம்மாவுக்கு ஒருவழியாகத் தூங்க நேரம் கிடைத்துவிட்டது என்று பதில் சொல்லி, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அன்று மாலை வீட்டில் நடந்ததை அவர் எனக்கு இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் குரல் தணியும். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது தகப்பனார் உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் பேப்பரை மடித்து மடியில் வைத்துவிட்டு, பார்த்துக்கொண்டே இருந்தாராம். ஏதாவது கிண்டல் வரப்போகிறது என்று மகள் காத்திருந்தார்.

"நீ உங்கம்மா மாதிரியே இருக்கியேம்மா. இத்தனை வருஷமா எனக்குத் தெரியவே இல்லை. நான் அங்க என்னையே பார்த்துக்கிட்டிருந்திருக்கேன்."

அம்மா இவருடைய சின்ன வயதிலேயே போய்விட்டார். இருக்கும் ஒரே புகைப்படத்தில் குனிந்த தலையும் வகிடும்தான் தெளிவாக இருக்கும். அன்று ராச்சாப்பாட்டுக்கு முன்னால் அவர் நிலைக்கண்ணாடி முன்னால் போய் நின்று, அந்த முகத்தை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தாராம். முகம் கழுவ மனமே வரவில்லையாம். "அப்படியே படுத்துட்டேன். தலையணை உறையெல்லாம் ஆரஞ்சு. எம் பொண்ணு அன்னிக்குத் திட்டின திட்டு இருக்கே" என்று முடிப்பார்.

புகார் பிறகு வரவே இல்லை. மேனேஜரும் அதை மறந்துவிட்டார். இனி எதற்கு இந்தப் பூச்சு என்று ஒருநாள் கேட்டேன். கேள்வியே அவருக்கு வேடிக்கையாக இருந்தது. முதலில் வேலைக்காகப் பூசினேன், இப்போது எனக்காகப் பூசுகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசுவதில்லை. "வாரமெல்லாம் அம்மா முகம். ஞாயித்துக்கிழமை ஒரு நாளாச்சும் அப்பாவுக்கு விட்டுக்கொடுக்கணும்ல?"

புகார் சொன்னது யார் என்று தெரியவந்தது எதிர்பாராமல்தான்.

வழியில் ஒரு மழலையர் பள்ளி. அங்கே வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி முன் இருக்கையில், ஓட்டுநருக்குப் பக்கவாட்டில், ஜன்னலோரமாக உட்கார்ந்து வருவாள். ஒரு காலையில் அவள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் வண்டி காலியான பிறகுதான் அவள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தோம். ஆந்தையக்கா தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு எழுந்தாள். எங்கே இருக்கிறோம் என்று புரிந்ததும் அழுகை வந்துவிட்டது. வீட்டில் இரட்டைக் குழந்தைகள். ஒன்று தூங்கினால் இன்னொன்று எழுந்துகொள்ளும். ஒரு வருடமாகச் சேர்ந்தாற்போலத் தூங்கியதில்லை. பள்ளிக்கூடத்தில் போகிறவர் வருகிறவர் எல்லாம் உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்கள், பெற்றோர்கள்கூட ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்றாள். அவள் கண்ணுக்குக் கீழேயும் கருப்பு. ஆனால் அவளுடையது அசல்.

வண்டி அதே வழியாகத்தான் திரும்பப் போகும், கொஞ்சம் தாமதமானாலும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கண்டக்டர் அவளைத் தேற்றினார். அதற்குள் ஆந்தையக்கா அவளைப் படியில், வெயிலில் உட்கார வைத்துவிட்டார். கடையில் தப்பாக வாங்கிய குழாய் பையில் சும்மா கிடந்தது. டீச்சரின் கன்னத்தில் கோடு இழுத்ததும் அது கண்ணெதிரே காணாமல் போயிற்று. அடியில் ஆரஞ்சை ஒற்றி, மேலே அதை ஒற்றி, "மேல பாரு, சிமிட்டாதே" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிப் பவுடர் வைத்தார். பிறகு அவளை உள்ளே கூட்டிவந்து, கண்ணாடியை அவள் பக்கம் திருப்பினார்.

டீச்சர் நெடுநேரம் பார்த்தாள். கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமலேயே சொன்னாள்.

"அன்னிக்கு டிப்போவுக்குப் போன் பண்ணது நான்தான். உங்க முகம் அப்படியே என் முகம் மாதிரி இருந்துது. தூக்கமில்லாம நான் அடுப்பை அணைக்க மறந்திருக்கேன், தெரு மாறிப் போயிருக்கேன். நீங்க பஸ் ஓட்டறீங்களேன்னு பயந்துட்டேன்."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஆந்தையக்கா குழாயின் மூடியை நிதானமாகத் திருகி மூடினார். முகத்தில் என்ன வருகிறது என்று புரிய ஒரு நொடி ஆனது. சிரிப்பு. அந்தப் பெரிய உடம்பு முழுக்கக் குலுங்கும் சிரிப்பு.

"நீதானா அது? நல்ல காரியம் பண்ணே போ. எங்கம்மாவை எனக்குத் தேடிக் குடுத்தவளே நீதான்."

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பும் வழியில் கண்டக்டர் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, ஆதியோடந்தமாகக் கதையைச் சொன்னார். கதை முடிவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிட்டதால், மிச்சத்தை மறுநாள் சொன்னார். அவள் இறங்கும்போது ஆந்தையக்கா, இந்தப் பூச்சு ஊர்க் கண்ணுக்குத்தான், உன் உடம்புக்கு இது தூக்கமாகாது, நாளையிலிருந்து ஏறி உட்கார்ந்ததும் தூங்கு, எழுப்ப வேண்டியது எங்கள் பாடு என்று சொல்லி அனுப்பினார்.

அதிலிருந்து அந்த ஜன்னலோர இருக்கையில் வேறு யாரும் உட்காருவதில்லை. யாரும் உத்தரவு போடவில்லை. பயணிகள் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள். டீச்சர் ஏறுவாள், டிக்கெட் வாங்குவாள், முகத்தில் மோதிர விரலால் ஒற்றி முடித்து, கண்ணை மூடுவாள். இப்போது அவள் பூசுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன வாரம் பெரிய நாற்சந்தியில் சிவப்பு விழுந்து வண்டி நின்றது. டீச்சரின் தலை சரிந்து சரிந்து ஜன்னல் கண்ணாடியில் போய் முட்டிக்கொண்டிருந்தது. ஆந்தையக்கா ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இருக்கையிலிருந்து எழுந்தார். கழுத்தில் சுற்றியிருந்த துண்டை எடுத்து நான்காக மடித்து, எட்டிக் குனிந்து, ஒரு கையால் அந்தத் தலையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் கண்ணாடிக்கும் தலைக்கும் நடுவில் செருகினார். பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. தொடர்ந்து இன்னொன்று. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டின் ஒரு முனை கண்ணுக்குக் கீழே உரசிக்கொண்டிருந்தது. பூச்சு கலையாதபடி அதை உள்பக்கமாக மடித்துவிட்டார். பிறகு தன் இருக்கையில் வந்து உட்கார்ந்து, வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பின்னால் நின்ற அத்தனை வண்டிகளுக்கும் சேர்த்து, சத்தம் போடாதீர்கள் என்று விரல்களை மெல்லத் தாழ்த்திக் காட்டினார்.